முனுசாமி வண்டியின் ஸ்டியரிங்

என் கணவர் அந்தக் கதவைத் தொட்டபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஆற்காடு போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் காயலான் கடை அது. பழைய வண்டிகளை வாங்கி, உடைத்து, பாகம் பாகமாக விற்பார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் கண்ணாடித் தூள். ஆயில் ஊறிய மண் செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு, நடக்க நடக்க நான் கொஞ்சம் கொஞ்சமாக உயரமாகிக்கொண்டே போனேன்.

அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. நானும் மெக்கானிக் அன்வரும் முன்னால் நடந்தோம். அவர் ஒவ்வொரு வண்டியாகக் கையால் தடவிக்கொண்டே பின்னால் வந்தார். ஒரு பிக்கப் வண்டிக்கு அருகில் வந்ததும் நின்றார். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். கதவை இழுத்துச் சாத்துகிற கைப்பிடியில் பச்சை வயர் சுற்றியிருந்தது. கூடை பின்னுவோமே, அந்த வயர். நெருக்கமாக, முடிச்சு முடிச்சாகப் பின்னியிருந்தது. அவர் விரல்கள் அந்த முடிச்சுகளின் மேல் போய்ப் போய் வந்தன.

"அன்வரு, இது இன்னா கலரு வண்டி?"

"வெள்ளைண்ணே. வெயில்ல பழுப்பு தட்டிடுச்சி."

"பின்னாடி அடி வாங்கிக்கீதா?"

"ஆமாண்ணே. லாரி வந்து மோதியிருக்கும் போல. சேஸ் வளைஞ்சி போச்சி. ஆனா முன்னாடி ஒண்ணும் ஆவல. நாம தேடற பவர் ஸ்டியரிங்கு இதுல அப்டியே கீதுண்ணே!"

அன்வர் குரலில் அவ்வளவு சந்தோஷம். நாங்கள் ஏறி இறங்காத காயலான் கடை அந்த வட்டாரத்தில் பாக்கி இல்லை.

அவர் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இது முனுசாமி வண்டி. வேணாம். வா போலாம்."

வாணி என்கிற பெயர்

புதிதாகப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். என் பெயர் வாணி. ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். கட்டிக்கொண்டதோ டிரைவரை. தண்டபாணி என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஊதா வண்டிக்காரர்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊதா பிக்கப்பை அவர் வாங்கியபோதே அது பழைய வண்டி. எங்களுக்கு வந்த பிறகு அது வேலைக்குப் போகாத நாள் குறைவு. ரைஸ் மில்லிலிருந்து தவிட்டு மூட்டை ஏற்றும். காஞ்சிபுரத்துக்குச் சேலைக் கட்டு போகும். பிரித்த தறியைக் கொண்டுபோய் இறக்கும். முகூர்த்த மாதம் வந்தால் சீர்வரிசைதான். பீரோ, கட்டில், கிரைண்டர், அதற்கு மேல் சுருட்டிய மெத்தை. இந்த ஊர்ப் பெண்கள் பலருடைய பீரோ எங்கள் வண்டியில்தான் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. கடைத்தெருவில் என்னைப் பார்க்கிற பெண்கள் சிலர் இன்றைக்கும், "உங்க வீட்டுக்காரர்தான் என் பீரோவ கோடு விழாம எறக்கினாரு" என்பார்கள். பீரோக் கண்ணாடியில் கீறல் விழாமல் இறக்குவது அவருக்கு ஒரு மானப் பிரச்சினை.

வண்டியின் முன்னால் 'வாணி துணை' என்று எழுதியிருக்கும். என் மாமியார் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பையனுக்கு சரஸ்வதி மேல இம்மாம் பக்தியா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். கடைசி வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் கண் கெட்டதைப் பற்றி முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது, போனது போனதுதான் என்றார். பக்கவாட்டுப் பார்வை முதலில் போகுமாம். அதனால் ரொம்ப நாளைக்கு ஆளுக்கே தெரியாதாம். "இப்ப உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டதற்கு இவர், "சாவி ஓட்டை வழியா பாக்கற மாதிரி சார்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வருகிற வரை பஸ்ஸில் இவர் பேசவே இல்லை. இறங்குகிறபோது மட்டும், "தொடலாம். ஓட்டத்தான் கூடாது" என்றார்.

ஈரத் துணி மாதிரி தொங்கினேன்

டிரைவர் வைத்துப் பார்த்தோம். ஒருவர் வேகம், ஒருவர் போன், ஒருவர் வருகிறேன் என்று சொல்லி வரமாட்டார். ஒவ்வொருவர் கையிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. மூன்றாவது கியர் தானாகவே நழுவி வெளியே வந்தது. சீட்டு கிழிந்து கம்பி துருத்தியது. கடைசியில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டோம். இவர் தினமும் காலையில் போய் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு வருவார்.

ஒருநாள் காயலான் கடைக்கு எடுத்துப் போக ஒரு ஆள் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் எத்திப் பார்த்தார். அந்த எத்தல் எனக்குப் பொறுக்கவில்லை.

"வண்டி விக்கறதுக்கில்லங்க. நான் ஓட்டப் போறேன்" என்றேன்.

அந்த ஆள் போய்விட்டார். இவர் முதலில் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நெஜமாவா சொல்ற?" என்றார்.

"ஊர்ல பொம்பளைங்க பஸ்ஸே ஓட்றாங்க. நான் பிக்கப்பு ஓட்டக் கூடாதா?"

"ஓட்டலாம். மொதல்ல ஏறி ஸ்டியரிங்க திருப்பு."

ஏறினேன். திருப்பினேன். அது அசையவில்லை. எழுந்து நின்று, மொத்த உடம்பையும் போட்டு, கொடியில் போட்ட ஈரத் துணி மாதிரி அதில் தொங்கினேன். ஒரு விரல் அளவு நகர்ந்தது. போதாததற்கு, உட்கார்ந்தால் எனக்கு பானெட்டுக்கு மேலே வானம்தான் தெரிந்தது. சாலை தெரியவில்லை.

அன்வர் எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கிறார். இவரைவிடச் சின்னவர், ஆனாலும் இரண்டு பேருக்கும் நெடுநாள் சிநேகிதம். கூப்பிட்டதும் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணி, புதுசு வாங்கினா ஜல்தியா முடிஞ்சிடும். இத்த வச்சிகினு பேஜாரு."

"புதுசுக்கு வழியில்ல பாய்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். இதே கம்பெனில இதுக்கு அடுத்தாப்ல வந்த வண்டில பவர் ஸ்டியரிங்கு உண்டு. அடிபட்டு ஒடைக்க வந்த வண்டி ஒண்ணு கெடைச்சா, ஸ்டியரிங்கு பாக்ஸு, பம்ப்பு, ஓஸு எல்லாம் கழட்டி இதுல மாட்டலாம். கியர் பாக்ஸும் அதுலயே எடுத்துக்கலாம். சீட்டு கார் சீட்டா பாத்துப் போட்டுக்கலாம், ஏத்தி எறக்கற மாதிரி."

நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அவர்களுடைய சின்னக் காரில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். இன்னொரு பக்கம் காயலான் கடை காயலான் கடையாக அலைந்தோம். கார் சீட்டு முதலிலேயே கிடைத்துவிட்டது. யாரோ ஒரு குழந்தை பால் கொட்டிய வாசம் ரொம்ப நாள் அதில் இருந்தது. ஸ்டியரிங் மட்டும் கிடைக்கவே இல்லை. கிடைத்த அன்றைக்குத்தான் இவர் 'வேணாம்' என்று திரும்பி நடந்தார்.

முனுசாமி

முனுசாமியும் இவரும் ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவர்கள். கோட்டை மைதானத்துப் பக்கம் அடுத்தடுத்து நிற்கும், ஊதாவும் வெள்ளையும். ஒரே டம்ளர் டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்த சிநேகம். முனுசாமி வண்டி கொஞ்சம் புதுசு. பவர் ஸ்டியரிங். ஒற்றை விரலால் திருப்பிக் காட்டி இவரை வெறுப்பேற்றுவார். "நீ மாவாட்டுடா, நான் வண்டி ஓட்றேன்" என்பார்.

திடீரென்று ஒருநாள் எல்லாம் முறிந்தது. சீர் ஏற்ற வந்த ஒரு வீட்டாரிடம் முனுசாமி, "தண்டபாணிக்குக் கண்ணு சரியில்ல, அவன் வண்டில பொண்டு பிள்ளைங்கள ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டார். அது சுற்றிக்கொண்டு இவர் காதுக்கு வந்தது. அப்போது கண்ணைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சவாரியைப் பறிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தோம். நடு ஸ்டாண்டில் இவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம். அதோடு பேச்சு நின்றது. டாக்டர் சொன்ன பிறகும் இவர் முனுசாமி பெயரை எடுத்ததில்லை. முனுசாமியும் பிறகு ஸ்டாண்டுக்கு வருவதை விட்டுவிட்டார். செய்யாறு பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

காயலான் கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி நாளா அலையறோம். கெடைச்சத வுட்டுட்டு வான்னா இன்னாங்க அர்த்தம்?"

"அவன் வண்டில கைய வைக்க மாட்டேன் வாணி."

"அது இப்ப அவர் வண்டி இல்ல. கடைக்காரர் வண்டி."

"அவன் வண்டிதான்." கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு மெதுவாக, "அவன்கிட்ட கேக்காம எடுக்க மாட்டேன்" என்றார்.

இது வேறு பேச்சு. அன்வர் என்னைப் பார்த்தார். கடைக்காரரிடம் இரண்டு நாள் அந்த வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

செய்யாறில் ஒரு மதியம்

மறுநாள் பஸ் பிடித்து செய்யாறு போனோம். சிப்காட் வாசலில், புங்க மரத்து நிழலில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. ஷிப்டு விட இன்னும் நேரமிருந்தது. டிரைவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முனுசாமி எங்களை முதலில் பார்த்துவிட்டார். நான் இவர் கையைப் பிடித்துக் கூட்டிவருவதைப் பார்த்தார். எழுந்தவர் மேலே ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வாம்மா வாணி" என்றார். இவரைப் பார்த்து, "வாடா" என்றார்.

படிக்கட்டில் இடம் விட்டார். இவர் தடவி உட்கார்ந்தார்.

"உன் வண்டியப் பாத்தேன்" என்றார் இவர்.

"பாத்தியா?"

"கையால பாத்தேன்."

முனுசாமி முகம் மாறிவிட்டது. ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்பது மாதிரி, "எப்டி கீது?" என்றார்.

"பின்னாடி போச்சி. முன்னாடி அப்டியே கீது. கைப்பிடில வயரு கூட அவுரல."

"எம் பொண்டாட்டி பின்னது. கை வேர்த்தா வழுக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னேன். அன்னிக்கே ஒக்காந்து பின்னிட்டா. வண்டிய ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேன்டா. திரும்பி வர்றதுக்குள்ள லாரிக்காரன் வந்து ஏத்திட்டான். நான் உள்ள இல்ல, அது ஒண்ணுதான் நல்லது."

"அந்த ஸ்டியரிங்க எடுத்து என் வண்டிக்குப் போடலாம்னு கீறோம். இவ ஓட்டப் போறா. எடுத்துக்கட்டுமா?"

"என்னிய ஏன்டா கேக்கற?"

"வேற யாரக் கேக்கறது?"

முனுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தூரத்தில் கம்பெனி சங்கு ஊதியது. யாரும் எழவில்லை.

இவர்தான் மறுபடி பேசினார். "நீ அன்னிக்கு சொன்னது நெஜம்தான்டா. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. உனுக்கு எப்டி தெரிஞ்சிது?"

"வுடு."

"சொல்லு."

முனுசாமி என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன்.

"பஸ் ஸ்டாண்டு வளைவுல ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்துகினு இருந்துச்சி. ஸ்கூல் பொண்ணு. உன் லெஃப்டுல. நீ அப்டியே ஒடிச்ச. அது சைக்கிள வுட்டுட்டு எகிறி குதிச்சிது. நீ நிக்கவே இல்ல. கண்ணாடில கூடப் பாக்கல. திமிருல போறியோன்னு தொரத்திகினு வந்தேன். சிக்னல்ல உன் மொகத்தப் பாத்தேன். பாட்டு பாடிகினு இருந்தடா நீ. ஒண்ணுமே தெரியல உனுக்கு. அப்ப புரிஞ்சிது எனுக்கு."

இவர் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு?"

"ஒண்ணும் ஆவல. ஒரு செருப்பு சாக்கடைல போச்சி. அழுதுகினே சைக்கிள எடுத்துகினு போயிடுச்சி. நான் உங்கிட்ட வந்து நேரா சொல்லியிருக்கணும். நீ எவ்ளோ ஆசையா ஓட்றவன். எப்டிடா சொல்றது? வாய் வரல. கஸ்டமருங்ககிட்ட சொல்லிட்டேன். அது தப்புதான்."

ஷிப்டு விட்டுப் பெண்களும் ஆண்களுமாகக் கூட்டம் வர ஆரம்பித்தது. டிபன் பாக்ஸ் சத்தம், சிரிப்புச் சத்தம். முனுசாமி எழுந்து பஸ்ஸில் ஏற வேண்டும். இவர் கையை நீட்டித் துழாவி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"நீ சொன்னதாலதான்டா அந்த வீட்டு சீரு என் வண்டில ஏறல. ஏறியிருந்தா பின்னாடி இருபது பேரு ஒக்காந்திருப்பாங்க. நல்லா இருடா."

"ஸ்டியரிங்க எடுத்துக்க" என்றார் முனுசாமி. "பாக்ஸுல கீழ ஒரு ஆயில் சீலு கசியும். அத்த மாத்திட்டு மாட்டு. இல்ல, வேணாம். எனுக்கு ஞாயித்துக்கெழம லீவு. நானே வர்றேன்."

பட்டு இழை

சொன்னபடி வந்தார். கையில் சொந்த ஸ்பானர் செட்டும், அவர் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவும். அன்வர் ஷெட்டில் மூன்று ஆண்களும் வண்டிக்கு அடியிலும் மேலேயுமாகக் கிடந்தார்கள். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸில் அழகாக உட்கார்ந்தது. கியர் பாக்ஸும் சொன்ன பேச்சைக் கேட்டது. சண்டித்தனம் செய்தது பம்ப்தான். எங்கள் இன்ஜினில் அதை மாட்ட இடமே இல்லை.

ஆரணியில் ஒரு வசதி உண்டு. பவர்லூமுக்குப் பாகம் செய்கிற லேத்துப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். அன்வர் அட்டையில் வெட்டிக் கொடுத்த அளவுக்கு இரும்புத் தகடு அறுத்து, துளை போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்து பம்ப்பை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, ஸ்டார்ட் செய்தோம். பூனையின் வாலை மிதித்த மாதிரி ஒரு கிறீச்சல். தெரு நாய்களெல்லாம் ஓடி வந்துவிட்டன.

"பெல்ட்டு லூஸு" என்றார் அன்வர்.

"பம்ப்பே போச்சி" என்றார் முனுசாமி.

"பெல்ட்டு மாட்டற ரெண்டு சக்கரமும் ஒரே நேர்ல இல்ல. பெல்ட்டு கோணலா ஓடுது" என்றார் இவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மூடினாலும் திறந்தாலும் அவருக்கு அதிக வித்தியாசமில்லை. ஆனாலும் கேட்கும்போது மூடிக்கொள்வார்.

இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். இடுக்குக்குள் ஸ்கேல் போகவில்லை. கயிறு பிடித்தார்கள். கயிறு தடிமன், தொய்ந்தது. ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்குப் போய்த் தையல் டப்பாவிலிருந்து பட்டு இழை கொஞ்சம் எடுத்து வந்தேன். தறியில் நீளவாட்டில் ஓடுகிற, முறுக்கேற்றிய பாவு இழை. இழுத்துப் பிடித்தால் கம்பி மாதிரி நிற்கும். நான் ஒரு முனை, முனுசாமி ஒரு முனை. இரண்டு சக்கரங்களின் முகத்தோடு ஒட்டி இழுத்துப் பிடித்தோம். இன்ஜின் சக்கரத்தில் இழை ஒட்டிக்கொண்டது. பம்ப் சக்கரத்தில் ஓர் அரிசி போகிற அளவு இடைவெளி.

"அட!" என்றார் அன்வர். "அண்ணி, இத்த மொதல்லயே கொணாந்திருக்கலாமில்ல? ரெண்டு மணி நேரமா முதுகு ஒடியுது."

அந்த அரிசி அளவுக்கு வாஷர் வைத்தார். மறுபடி ஸ்டார்ட். கிறீச்சல் இல்லை. இவர் கண்ணைத் திறந்தார்.

"ஏறு வாணி. திருப்பு."

கார் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாலை தெரிந்தது. ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினேன். குழம்பில் கரண்டி போகிற மாதிரி போனது. நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. முனுசாமி ஜன்னல் பக்கம் வந்து நின்று, எட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தை ஒற்றை விரலால் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, போய்க் கை கழுவினார்.

மாற்றிய பாகங்களைக் காட்டி அனுமதி வாங்கி, வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று தருகிற எஃப்.சி.க்கும் கொண்டுபோனோம். ஆபீசர் வண்டியைப் பார்த்துவிட்டு இவரிடம், "டிரைவர் எங்கே?" என்றார். இவர் என் பக்கம் கையைக் காட்டினார். ஓட்டிக் காட்டினேன். இறங்கும்போது அவர், "பிரேக்கை இவ்வளவு பயந்து பிடிக்காதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

நீட்டிய பாவு

முதல் சவாரிகளில் இவர் வரவில்லை. "நீ போய்ட்டு வா. நான் வந்து இன்னா பண்ணப் போறேன், வெய்ட்டுதான்" என்பார். நான் கிளம்பும்போது வாசலில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஒருநாள் கட்டாயப்படுத்தி ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு, பிரித்த தறி ஒன்றை இறக்க வேண்டும். வழியெல்லாம் கரும்பும் நெல்லும். சமணர் கோயில் மலை வலது பக்கம் தெரிந்தபோது சொன்னேன். "தெரியுது" என்றார். பார்த்தது இடது பக்கம்.

தறி இறக்க வேண்டிய வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில். நேராக உள்ளே போய்விட்டேன். மரங்களை இறக்கி, அந்த வீட்டார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சந்தில் பாவு நீட்டிவிட்டார்கள். ஒரு சேலை வரிசைக்கான மொத்தப் பட்டு நூலையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, இழை பிரித்து, சீர் செய்கிற வேலை அது. வெயில் நன்றாக இருக்கிறது, அவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க முடியுமா? ஆனால் எனக்கும் அவசரம். ஆரணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பீரோ, பொழுது சாயுமுன் மண்டபத்துக்குப் போயாக வேண்டும்.

வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே போக வேண்டும். ரிவர்சில் போகும்போது என் வலது கைப் பக்கம் பாவு. இடது பக்கம் வீட்டுச் சுவர்கள். நடுவில் வண்டிக்குச் சரியாக இடம், அதற்கு மேல் இல்லை. வண்டியின் கம்பி ஒன்று பாவில் மாட்டினால் போதும், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு சிக்காகிவிடும். அது எப்படிப்பட்ட சிக்கு என்று எனக்குத் தெரியும். என் அப்பா அப்படி ஒரு சிக்கின் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

"டிரைவரக் கூப்புடும்மா, பாத்து எடுக்கச் சொல்லு" என்றார் பாவில் நின்ற பெரியவர்.

"நான்தாங்க டிரைவரு."

அவர் மேலும் கீழும் பார்த்தார். பாவில் நின்றவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

வலது பக்கம் எனக்குக் கண்ணாடியில் தெரிகிறது. இடது பக்கம், வண்டியின் பின் மூலை, தெரியவே இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான் நிறைந்திருந்தது. ஸ்டியரிங்கில் வைத்த கை வேர்த்தது.

இடது பக்கக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இவர் இறங்கிவிட்டார்.

"எங்க போறீங்க?"

"பின்னாடி. நீ நூலப் பாரு. நான் செவுரப் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எப்டிங்க..."

"கைக்குத் தெரியும். நான் தட்டினா வா. ரெண்டு தட்டு தட்டினா நில்லு."

வண்டியைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். பின் மூலையில் நின்று, ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை வண்டியின் மேலும் வைத்துக்கொண்டார். டப் என்று ஒரு தட்டு. நான் கிளட்ச்சை விட்டேன்.

வண்டி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார், வண்டியின் வேகத்துக்கே. டப். "வா, வா, வா." குரல் பழைய குரல். பீரோ இறக்கும்போது வரும் குரல். டப். "லைட்டா ரைட்டுல ஒடி. போதும். நேராக்கு." நான் கண்ணாடியில் இழைகளை மட்டும் பார்த்தேன். வெயிலில் அரக்கு நிறம் பளபளத்தது. வண்டியின் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இருந்தது. கொஞ்சம் குறைந்தது. மறுபடி ஒரு சாண். ஒரு வீட்டுப் படி வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் டப்டப் என்று இரண்டு தட்டு. நின்றேன். அவர் காலால் அந்தப் படியைத் தடவி அளந்தார். "இப்ப ரைட்டுல முழுசா ஒடி, அப்புறம் வா." நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைச் சுழற்றினேன். டப். மெல்ல வந்தேன். வண்டியின் பின் மூலை படியைவிட்டுப் பாவை நோக்கி விலகியது. அந்தப் பெரியவர் மூச்சை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. டப். வந்தேன். டப். நேராக்கினேன்.

சந்து முடிந்து பெரிய தெருவில் வண்டி மொத்தமாக வெளியே வந்ததும் பிரேக்கைப் பிடித்தேன். பாவில் நின்றவர்கள் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். நெசவுத் தெருவில் அதுதான் பெரிய மரியாதை.

இவர் சுற்றி வந்து கதவைத் துழாவித் திறந்து ஏறினார். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. விரல் முட்டியில் கொஞ்சம் தோல் வழன்றிருந்தது. நான் முந்தானையால் துடைக்கப் போனேன்.

"வுடு. பீரோவுக்கு நேரமாவுது" என்றார்.

மறுநாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எப்போதும் நிற்கிற இடத்தில் இவர் இல்லை. வண்டிக்கு வலது பக்கம், என் ஜன்னலோரம் நின்று, பழைய பனியன் துணியால் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயால் ஊதி ஊதி, ரொம்ப அக்கறையாக.

"சுத்தமா இருக்குதா பாரு" என்றார்.

நடுவில் நீளமாக ஒரு பட்டை அழுக்கு, துணி படாமல் அப்படியே இருந்தது.

"பளிச்சுனு இருக்குதுங்க" என்றேன்.

துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டியைத் தடவியபடி முன்பக்கமாகச் சுற்றிப் போய், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.